அழிக்காத வட்டம்

காம்பஸ் டீச்சர் தன் பதினேழு வருஷ வேலையில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இதை அவளே பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது குரலில் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். காம்பஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கணக்கு டீச்சரான அவள் கரும்பலகையில் வெறும் கையால், ஒரே இழுப்பில் வட்டம் போடுவாள். கோடு புறப்பட்ட புள்ளியிலேயே வந்து முடியும். அளந்து பார்த்தாலும் ஒரு நூல் பிசகாது. அந்தப் பெயர் காதில் விழுந்தால் கேட்காதவள் போல நடந்துவிடுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிள்ளைகளின் வயிற்றில் புளியைக் கரைத்தது, அவள் வராந்தாவில் போடுகிற வட்டம். வகுப்பில் சேட்டை செய்தவரை வெளியே கூட்டிப்போய், சிமெண்டுத் தரையில் இரண்டு பாதம் அடங்குகிற அளவுக்குச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். அதற்குள் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. ஐந்து நிமிஷமோ அரை மணியோ கழித்து அவளே வந்து, செருப்புக் காலால் கோட்டை ஓரிடத்தில் தேய்த்து, "போதும், உள்ள வா" என்பாள். அதன் பிறகுதான் வெளியே வரலாம். அவள் போட்ட வட்டத்தை அவள்தான் அழிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டமாகிவிட்டிருந்தது.

புதிதாக வேலைக்கு வந்த ஓவிய ஆசிரியர் ஒருமுறை மனசு கேட்காமல் ஒரு பையனை வட்டத்திலிருந்து விட்டுவிட்டார். தலைமையாசிரியர் அவரை ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒருத்தர் கொடுத்த தண்டனையை இன்னொருத்தர் ரத்து செய்தால் பிள்ளைகள் நம் தலையில் ஏறி உட்காரும் என்றார். அதற்குப் பிறகு அந்த வட்டத்தின் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆயா தரை துடைக்கும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் துடைப்பாள்.

பிரம்புக்குத் தடை வந்த பிறகு மற்ற ஆசிரியர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இவள் வகுப்பில் மட்டும் குண்டூசி விழுந்தால் கேட்டது. தழும்பில்லை, வீக்கமில்லை, பெற்றோர் வந்து சண்டை பிடிக்க ஒரு தடயமில்லை. செய்தி கல்வி அலுவலகம்வரை போயிற்று. ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த வேறொரு பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் கூட்டம் ஏற்பாடு செய்து, "அடிக்காமல் அடக்குவது எப்படி" என்று அரை மணி நேரம் பேச இவளைக் கூப்பிட்டார்கள். கார் அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

கூட்டத்தன்றைக்கு அவள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாம் பீரியட், எட்டாம் வகுப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் யாரோ பேனா மூடியை வாயில் வைத்து விசில் ஊதினார்கள். திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு முகங்களும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடியும் எழுதத் திரும்பினாள். மறுபடியும் விசில்.

சத்தம் மூன்றாவது பெஞ்சுப் பக்கமிருந்து வந்தது போலிருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை விரலால் காட்டினாள்.

"எந்திரி."

ஒல்லியான பெண். வாய் பேசாது, மார்க் சுமாராக வாங்கும். அவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அதனாலேயே அவளை யாரும் கவனித்ததும் கிடையாது.

"நான் இல்ல டீச்சர்."

"அப்ப யாரு?"

"தெரியாது டீச்சர். ஆனா நான் இல்ல."

அந்த "ஆனா" டீச்சருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் ஆனா போட்டதில்லை. மனசில் பாதி அன்றைய பேச்சில் கிடந்தது. மீதிப் பாதிக்குப் பொறுமை இல்லை. பெண்ணை வெளியே கூட்டிப்போனாள். வட்டம் போட்டாள். அது அழகாகவே விழுந்தது.

"எதிர்த்துப் பேசினதுக்கு. நான் வர்ற வரைக்கும் நில்லு."

திரும்பி வந்து ஒரு கணக்குக்கூட முடிக்கவில்லை, பியூன் பின்வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், கார் இப்பவே வந்துடுச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். ஹெச்.எம். உடனே கிளம்பச் சொன்னார்."

கார் அரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது. அவள் குறிப்புத் தாள்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு, "சத்தம் வந்தா பேரை எழுதி வை" என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டு, பியூன் நின்ற பின்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். கார் நின்றது பின்பக்கம். வட்டம் இருந்தது முன்பக்கம். அவள் மறந்துவிட்டாள். இதை எத்தனை விதமாகச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது அதுதான்.

கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முறை வந்தது. மேடைத் தரையிலேயே ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். கோடு பெரிசில்லை, அதை யார் அழிக்கிறார்கள் என்பதுதான் பெரிசு என்று விளக்கினாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை உங்களைக் கேக்காம கோட்டைத் தாண்டிப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் தாண்டினதில்ல சார்," என்று சிரித்தாள். அறை முழுக்கக் கைதட்டியது. கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால்.

திரும்பி வரும்போது காரில்தான் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். தலைமையாசிரியரிடமிருந்து பதினோரு அழைப்புகள். கூப்பிட்டதும், "நேரா ஸ்கூலுக்கு வாங்க. போன்ல எதுவும் வேணாம்" என்று வைத்துவிட்டார். அந்த நொடியில் அவளுக்கு வட்டம் ஞாபகம் வந்தது. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னாள். அவன் ஏற்கெனவே வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். வராந்தாவில் ஆயா மட்டும் வாளியோடு நின்றாள். தரை ஈரமாக இருந்தது. படிக்கட்டு விளிம்பையும் கழுவியிருந்தாள். அந்த ஈரத்துக்கு நடுவில் வட்டம் மட்டும் உலர்ந்து, வெள்ளையாக, காலையில் போட்டபடியே இருந்தது.

"அதை நான் தொடல டீச்சர்," என்றாள் ஆயா. "உங்களதாச்சே."

"எங்க அவ?"

"பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பின்மண்டை படியில அடிச்சிடுச்சு. வாயே திறக்கல."

டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆயா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாம் பீரியட் மணி அடித்தபோது பெண் நின்றிருந்தாள். நான்காம் பீரியடுக்கு வந்த சயின்ஸ் சாரிடம் பாத்ரூம் போகணும் என்று கேட்டாள். "காம்பஸ் வட்டமா? நான் விட்டா எனக்குல்ல டோஸ் விழும். இரும்மா, இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணால் அடக்க முடியவில்லை. மணி அடித்து வெளியே வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து பெஞ்சுப் பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். டிரில் மாஸ்டர் விசில் ஊதி, இங்கென்ன கூட்டம் என்று எல்லோரையும் விரட்டினார்.

"நான் தண்ணி கொண்டு போனேன் டீச்சர். வேணாம் ஆயா, மறுபடியும் வந்துடும்னு சொல்லிச்சு. மூஞ்சியைப் பாக்க முடியல. தரையைத் துடைச்சு விட்டேன். கோட்டுக்குள்ள எப்படித் துடைக்கிறது, அது நின்னுட்டிருக்கு." ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உச்சிக்கு மேல இந்தப் பக்கம் வெயில் விழும்ல. அதுலயே நின்னுச்சு. ஆறாம் பீரியட் மணி அடிக்குது, பொத்துன்னு மல்லாக்க விழுந்துடுச்சு. விழும்போதுதான் டீச்சர், அது காலு கோட்டுக்கு வெளிய வந்துச்சு."

பியூன் வந்து தலைமையாசிரியர் கூப்பிடுவதாகச் சொன்னான். அவர் தன் அறை வாசலிலேயே நின்றிருந்தார். வராந்தாவைப் பார்த்து, "அதை முதல்ல அழி ஆயா" என்று கத்தினார். ஆயா வாளியைத் தூக்கவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தலையாட்டிய பிறகுதான் தண்ணீரை ஊற்றினாள்.

அறைக்குள் சயின்ஸ் சாரும் டிரில் மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க போட்டதுல நான் எப்படி டீச்சர் கை வைக்கிறது?" என்று சயின்ஸ் சார் மேஜையிடம் சொன்னார். "நீங்க ஊர்லயே இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தலைமையாசிரியருக்கு அது தெரியும். கார் ஏற்பாட்டைப் பார்த்ததே அவர்தான். இரண்டு தடவை அந்த வழியாக நடந்தும் போயிருந்தார். அந்தப் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

"ஆனது ஆகிப்போச்சு," என்றார் அவர். "இப்ப ஸ்கூல் பேரைப் பாக்கணும். பொண்ணு தலை சுத்துதுன்னு உங்ககிட்ட சொன்னா. நீங்க காத்தாட வெளிய நிக்கச் சொன்னீங்க. அப்புறம் டூட்டியில வெளிய போயிட்டீங்க. அவ நடுவுல கிளாசுக்கு வந்தா, மறுபடியும் முடியலன்னு போனா. சயின்ஸ் சார் எழுதிக் குடுத்துட்டார். நீங்களும் எழுதிக் குடுங்க."

"பிள்ளைங்க பாத்திருக்காங்களே சார்."

"உங்க கிளாஸ் பிள்ளைங்கதானே? நீங்க சொல்லாம வாயைத் திறக்குமா?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தாள். எழுந்து போய்விடலாம், முடியாது என்று சொல்லலாம். பதினேழு வருஷம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேலை போனால் என்ன ஆகும் என்பதும் வந்து நின்றது. அவர் நீட்டிய தாளை வாங்கி, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டாம் வகுப்பில் எப்போதும்போல மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. அவள் மேஜைமேல் ஒரு பேனா மூடி இருந்தது. நீல மூடி, முனை கடித்துக் கடித்து நசுங்கியது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது முதல் வரிசையில் ஒருத்தி சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வந்தால் தண்டனை என்று. டீச்சர் மூடியைக் கைக்குள் மூடிக்கொண்டு, வருகைப் பதிவேட்டைக்கூடத் திறக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் பன்னிரண்டு மணிக்கு. நீள வார்டின் கடைசியில், திரைக்குப் பின்னால் கட்டில். பெண்ணின் தலை முழுக்கக் கட்டு. கண்கள் மூடியிருந்தன. மூக்கில் குழாய் போயிருந்தது. பக்கத்தில் அம்மாக்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். முந்தின நாள் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், தோளிலும் மடியிலும் வெள்ளை நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சின்னவள் நின்றாள். அதே பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படிக்கிறாள், சீருடையைக்கூட மாற்றவில்லை.

டீச்சரைப் பார்த்ததும் அம்மாக்காரி பதறி எழுந்தாள்.

"உக்காருங்க டீச்சர். இதுல உக்காருங்க."

"இல்லம்மா, இருக்கட்டும்."

"அட உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டு நான் உக்கார்றதா?" ஸ்டூலைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டாள். "ஹெச்.எம். எல்லாம் சொன்னார். தலை சுத்துதுன்னு சொன்னவளைக் காத்தாட நிக்க வெச்சீங்களாம். பெத்தவ எனக்கே தெரியல, காலைல சரியா சாப்பிட்டாளான்னுகூடப் பாக்கல. நீங்க பாத்திருக்கீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சருக்கு அந்த ஸ்டூலில் இருப்புக் கொள்ளவில்லை. அடி விழுந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ஆபரேசன் முடிஞ்சிடுச்சு. இனி அவளா முழிக்கணும்னு சொல்றார். பழக்கப்பட்டவங்க பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருங்க, உள்ள கேட்டாலும் கேக்கும்ங்கறார். இவங்க அப்பா லாரியில போனவர், நாளைக்குத்தான் வந்து சேருவார். நான் விடிஞ்சதுலேர்ந்து கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பெரியவளே, பெரியவளேன்னு கூப்பிடறேன். அசையமாட்டேங்கறா." அம்மாக்காரி குனிந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பேச்சை எங்க கேட்டா இவ? வீட்டுல எதைச் சொன்னாலும் டீச்சர் இப்படித்தான் சொன்னாங்க, டீச்சர் அப்படித்தான் சொன்னாங்கம்பா. உங்க பேச்சுதான் அவளுக்கு வேதவாக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா எந்திரிச்சிடுவா."

டீச்சர் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளாமலே எழுந்து கட்டிலருகே போனாள். பெண்ணின் முகம் வெயிலில் கருத்திருந்தது, உதடு தோலுரிந்திருந்தது. என்ன சொல்வது? கண்ணே, கண்ணைத் திற என்றா? அப்படியெல்லாம் அவள் எந்தப் பிள்ளையிடமும் பேசியதில்லை. வாய்க்குள் அந்த வார்த்தைகள் இல்லை. இந்தப் பெண் நேற்று முழுக்க, நிழல் போய் வெயில் வந்து, துணி நனைந்து, ஊர் சிரித்து, அத்தனைக்கும் நடுவில் எந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த வார்த்தை எதற்கு என்று தெரியாத பிள்ளை அங்கே கிடையாது.

சீக்கிரம் குணமாகிடும்மா என்று பொதுவாக எதையாவது சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தாளில் கையெழுத்து இருக்கிறது.

அவள் குனிந்து பெண்ணின் காதருகே, வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"போதும். உள்ள வா."

பெண் அசையவில்லை. சின்னவள்தான் அம்மாவின் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது வட்டத்துல நிக்கிறவங்களுக்குச் சொல்றது."

"என்ன வட்டம்?"

"தப்புப் பண்ணினா டீச்சர் வட்டம் போட்டு நிக்க வைப்பாங்க. டீச்சர் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது. பாத்ரூமுக்குக்கூடப் போகக் கூடாது." சின்னவள் கட்டிலைப் பார்த்தாள். "நேத்து அக்கா சாப்பாட்டு மணிக்கும் நின்னுட்டிருந்தா. நான் பாத்தேன். கிட்ட வராத, உன்னையும் திட்டுவாங்கன்னு சொன்னா."

அம்மாக்காரி டீச்சரின் கையை விட்டாள். ஒன்றும் விளங்காதவள் போலச் சின்னவளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலை சுத்துதுன்னு சொல்லலையா அவ?"

"இல்லம்மா."

"எத்தனை மணிக்கு நிக்க வெச்சீங்க?"

"ரெண்டாம் பீரியட். பத்து மணிக்கு மேல. அழிக்க மறந்து வெளியூர் போயிட்டேன். ஹெச்.எம். உங்ககிட்ட சொன்னது பொய். நானும் அப்படியே எழுதிக் குடுத்தேன்." சொல்லத் தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. "விழுற வரைக்கும் நின்னிருக்கா. யாரும் விடல. என் வட்டம்னு யாரும் விடல."

"என்ன தப்புப் பண்ணினா?"

டீச்சரின் மற்றக் கைக்குள் பேனா மூடி குத்தியது.

"ஒண்ணும் பண்ணலம்மா. அவ இல்லன்னு சொன்னா. நான் நம்பல."

அம்மாக்காரி கத்தவில்லை. வார்டில் மற்றவர்கள் தங்கள் தங்கள் நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். மகளின் கையை எடுத்து மடியில், நூல் துணுக்குகளுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் சொல்லுங்க," என்றாள்.

"அம்மா..."

"சொல்லுங்க. நீங்க சொல்லாமத்தானே அவ வரல. அவளுக்குக் கேக்கலபோல. சத்தமா சொல்லுங்க."

"போதும்," என்றாள் டீச்சர். "போதும்மா. உள்ள வா."

பெண்ணின் இமை அசையவில்லை. அம்மாக்காரி மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொரு தடவை" என்றாள்.

டீச்சர் இன்னொரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி ஒரு பிள்ளை கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. சுற்றிலும் எல்லோரும் எழுந்து போகத் தொடங்கினார்கள். நர்ஸ் வந்து திரையை விலக்கி, அம்மா மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் கிளம்புங்கள் என்றாள்.

"அவங்க இருக்கட்டும்," என்றாள் அம்மாக்காரி, திரும்பிப் பார்க்காமல். "இவ எந்திரிக்கிற வரைக்கும் அவங்க இங்கயே நிக்கட்டும்."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தாள். காம்பஸ் டீச்சர் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். சாய்ந்துகொள்ளப் பக்கத்திலேயே சுவர் இருந்தது. அவள் சாயவில்லை. போகலாம் என்று அந்த அம்மா சொல்லவுமில்லை.